ஜீப்பின் பின் டிஃபரன்ஷியல் சத்தமிடும்போது: அறிகுறியிலிருந்து கிரவுன் பினியன் செட்டிங் வரை

விடியற்காலையில் போடியிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஆளேற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறும் ஜீப்புகளில், எஞ்சினைவிடக் கடுமையாக உழைப்பது பின் அச்சுதான். ஏறும்போது முழுச் சுமையும், டிஃபரன்ஷியலில் எஞ்சினின் சுழற்சியைச் சக்கரங்களுக்குக் கொடுக்கும் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலின் பற்களில் ஒரு முகத்தில் விழுகிறது. இறங்கும்போது எஞ்சின் பிடித்து இழுக்கும் இழுப்பு மறு முகத்தில் விழுகிறது. அதனால் சமவெளியில் ஆண்டுக்கணக்கில் வாய் திறக்காத ஒரு தவறான செட்டிங், மலைப்பாதையில் ஒரே மாதத்தில் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

வில்லிஸ் சி.ஜே.-3பி அமைப்பைப் பின்பற்றி மஹிந்திரா தயாரித்த பழைய ஜீப்புகளில் உள்ள டானா 44 வகைப் பின் அச்சை மனத்தில் வைத்து இந்தக் குறிப்பை எழுதுகிறேன். இதில் கிரவுன் வீலுக்கு 43 பற்கள், அதைச் சுழற்றும் சிறிய பல்சக்கரமான டெயில் பினியனுக்கு 8 பற்கள், விகிதம் 5.38. கிரவுன் வீலின் விட்டம் 8.5 அங்குலம், அதாவது ஏறத்தாழ 216 மி.மீ. கிரவுன் வீலைத் தாங்கும் கேரியர், அச்சின் வெளிக்கூடான ஹவுசிங்குக்குள்ளேயே அமர்ந்திருக்கும் சாலிஸ்பரி அமைப்பு என்பதால், எல்லா அளவுகளையும் ஷிம் (மெல்லிய தகட்டு வளையம்) வைத்தே சரிசெய்யவேண்டும். பல லாரிகளில் உள்ளதுபோல டிஃபரன்ஷியலைத் தனியாகக் கழற்றி மேசைமேல் வைத்து, இரு பக்க அட்ஜஸ்டர் வளையங்களைத் திருகி முடிக்கும் வசதி இதில் கிடையாது. ஆனால் அறிகுறியைப் படிக்கும் முறை இரண்டுக்கும் ஒன்றே.

திறப்பதற்கு முன் ஓட்டிப் பார்த்தல்

"டிஃபரன்ஷியல் போய்விட்டது" என்று பட்டறைக்கு வரும் வண்டிகளில் பலவற்றுக்கு டிஃபரன்ஷியலைத் திறக்கவே தேவை இருப்பதில்லை. ஆகவே ஸ்பானரை எடுப்பதற்கு முன் நல்ல தார்ச்சாலையில் வண்டியை ஓட்டி, சத்தத்தை மூன்று நிலைகளில் தனித்தனியாகக் கேட்கவேண்டும். முதலாவது, ஆக்சிலரேட்டரை மிதித்து வண்டி இழுக்கும் நிலை. இரண்டாவது, கியரிலேயே காலை எடுத்துவிட்டு எஞ்சின் வண்டியைப் பிடிக்கும் நிலை. மூன்றாவது, இழுக்காமலும் பிடிக்காமலும் வேகம் மாறாமல் மிதந்து செல்லும்படி காலை லேசாக வைத்திருக்கும் நிலை. எந்த நிலையில், எந்த வேகத்தில் சத்தம் தொடங்கி எதில் மறைகிறது என்பதைத் தாளில் எழுதிக்கொள்ளவும். பட்டறைக்குத் திரும்பும் வழியிலேயே அது மறந்துபோகும்.

சாலையின் பரப்பு மாறும்போது சத்தமும் மாறினால் அது டயர். டிஃபரன்ஷியலுக்குச் சாலை தாரா சிமெண்டா என்பது தெரியாது. அதே வேகத்தில் டாப் கியரிலும் அதற்கு முந்தைய கியரிலும் ஓட்டிப் பார்க்கும்போது சுருதி மாறினால் அது கியர்பாக்ஸ். மாறாவிட்டால் கியர்பாக்ஸுக்குப் பின்னால் உள்ள ஏதோ ஒன்று. இங்கேதான் ஜீப்பில் ஒரு சிக்கல் இருக்கிறது. கியர்பாக்ஸின் இழுப்பை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் அவுட்புட் ஷாஃப்டும் சாலை வேகத்துக்கு ஏற்பவே சுழலுவதால், அதன் சத்தமும் பின் அச்சின் சத்தம்போலவே நடந்துகொள்ளும். சந்தேகம் தீர, அங்கிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுவரும் புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றிவிட்டு, முன் அச்சைச் சேர்த்து, முன் சக்கர இழுப்பில் மட்டும் சிறிது தூரம் மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம். இழுக்கும்போது கேட்ட இரைச்சல் மறைந்துவிட்டால் குற்றவாளி பின் அச்சுதான். கை பிரேக் டிரம் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்புறம் உள்ள வண்டிகளில், ஷாஃப்டைக் கழற்றியதும் கை பிரேக் பின் சக்கரங்களைப் பிடிக்காது என்பதை மறக்கவேண்டாம். சரிவில் இந்த வேலையைச் செய்யக்கூடாது. சமதளமானாலும் சக்கரத்துக்குக் கட்டை வைத்த பிறகே வண்டிக்கு அடியில் போகவேண்டும்.

இழுக்கும்போது மட்டும் இரைச்சல்

சுருதி தெளிவாக, ஊதல்போல, வேகத்துடன் ஏறி இறங்கினால் அது பற்கள் உரசும் சத்தம். 6.00-16 டயர் ஒரு சுற்றில் ஏறத்தாழ 2.2 மீட்டர் உருளும். 40 கி.மீ. வேகத்தில் சக்கரம் நொடிக்கு 5 சுற்று சுற்றும். 43 பற்களும் ஒவ்வொன்றாகப் பினியனைச் சந்திப்பதால் நொடிக்கு 215 தொடுகைகள். காதில் விழும் ஊதல் இதுதான். பேரிங் சத்தம் இப்படி ஒரே சுருதியில் பாடாது. அது கரகரப்பாக இருக்கும்.

இழுக்கும்போது மட்டும் ஊதல் கேட்டால், கிரவுன் வீல் பல்லின் குவிந்த முகத்தில் தொடுகை சரியான இடத்தில் இல்லை என்று பொருள். அண்மையில் கிரவுன் பினியன் மாற்றிய வண்டியானால் செட்டிங் தவறு என்று ஏறக்குறைய முடிவுகட்டிவிடலாம். பல ஆண்டுகள் சத்தமின்றி ஓடிய செட்டில் புதிதாகத் தொடங்கினால், பற்கள் தேய்ந்திருக்கின்றன, அல்லது தவறான ஆயில், அல்லது ஆயிலே இல்லை. இந்த அச்சில் பினியன் கிரவுன் வீலின் மையத்துக்குக் கீழே இறங்கி அமர்ந்திருக்கும் ஹைப்பாய்டு அமைப்பு உள்ளது. பற்கள் உருள்வதோடு ஒன்றின்மேல் ஒன்று நீளவாக்கில் வழுக்கவும் செய்வதால், ஜி.எல்.-5 தரத்து 90-ஆம் நம்பர் ஆயிலைத் தவிர வேறு எதையும் ஊற்றக்கூடாது. கியர்பாக்ஸுக்கு வாங்கிய ஜி.எல்.-4 ஆயில் மீதி இருக்கிறதே என்று இதில் ஊற்றுவது, மிச்சப்படுத்திய தொகையைப்போலப் பல மடங்கைக் கிரவுன் பினியனுக்குக் கொடுக்கும் வழி.

காலை எடுத்ததும் இரைச்சல்

இறக்கத்தில் மட்டும் ஊளையிடும் அச்சில் முதலில் சந்தேகிக்கவேண்டியது பினியன் பேரிங்குகளின் பிரீலோட், அதாவது அவை ஆடாமலிருக்க முன்கூட்டியே கொடுக்கும் இறுக்கம். வண்டி இழுக்கும்போது பற்களின் சாய்வு பினியனைக் கிரவுன் வீலிடமிருந்து விலக்கித் தள்ளுகிறது. எஞ்சின் பிடிக்கும்போது அதே சாய்வு பினியனைக் கிரவுன் வீலை நோக்கி இழுக்கிறது. பேரிங் தளர்ந்திருந்தால் பினியன் உள்ளே நகர்ந்து, பல் பல்லின் அடியில் ஆழமாக அழுந்தத் தொடங்கும்.

சோதனை எளிது. புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றிவிட்டு, அந்த ஷாஃப்ட் மாட்டும் பினியன் யோக்கை இரு கைகளாலும் பிடித்து முன்னும் பின்னும், மேலும் கீழும் அசைத்துப் பார்க்கவும். சுழற்சியில் சிறிது பிளே இருப்பது இயல்பு. ஆனால் உள்ளே வெளியே மயிரிழை அசைவு தெரிந்தாலும் பிரீலோட் போய்விட்டது என்று கொள்ளலாம். நட்டை மட்டும் இறுக்கிவிட்டால் போதாதா என்று உரிமையாளர்கள் கேட்பார்கள். நட்டு மட்டும் தளர்ந்து பேரிங்குகள் நல்லபடி இருந்தால் அரிதாக அது போதும். பெரும்பாலும் தளர்வுக்குக் காரணம் தேய்ந்த பேரிங். இறுக்கிய நட்டு தேய்மானத்தை மறைக்குமே தவிர நீக்காது.

எந்த நிலையிலும் மாறாத உறுமல்

மிதித்தாலும் விட்டாலும் ஒரே மாதிரி உறுமினால் பேரிங். எந்தப் பேரிங் என்பதை வேகம் சொல்லும். பினியன் பேரிங் சக்கரத்தைப்போல 5.38 மடங்கு வேகத்தில் சுழலுவதால் அதன் உறுமல் குறைந்த வேகத்திலேயே தொடர்ச்சியாகிவிடும். கேரியர் பேரிங்கும் சக்கர பேரிங்கும் சக்கர வேகத்திலேயே சுழல்வதால் மெதுவான, கனமான முணுமுணுப்பு கேட்கும். வளைவில் வண்டியை இடமும் வலமும் மாற்றி மாற்றி ஒடிக்கும்போது சத்தம் ஏறி இறங்கினால் சக்கர பேரிங். பொதுவாகச் சுமை சாயும் வெளிப்பக்கத்துப் பேரிங்தான் கத்தும்.

வளைவில் மட்டும் சத்தம்

நேர்ச்சாலையில் இரு சக்கரங்களும் ஒரே வேகத்தில் உருளும்போது, கேரியருக்குள் உள்ள சிறு கியர்களான ஸ்பைடர் பினியன்கள் தங்கள் அச்சில் சுழல்வதே இல்லை. கேரியரோடு சேர்ந்து மொத்தமாகச் சுற்றும். வளைவில்தான் அவற்றுக்கு வேலை. ஆகவே வளைவில் மட்டும் வரும் கடகடப்பு ஸ்பைடர் பினியன், அவை சுழற்றும் சன் கியர், இவற்றுக்குப் பின்னால் உள்ள த்ரஸ்ட் வாஷர், ஸ்பைடர் பினியன்களைத் தாங்கும் குறுக்குக் கம்பியான குறுக்குப் பின் ஆகியவற்றையே சுட்டும். ஒரு சக்கரம் சேற்றில் சுழல மறு சக்கரம் நிற்கும்படி நெடுநேரம் மிதித்த வண்டிகளில், குறுக்குப் பின் சூட்டில் நீலம் பாய்ந்து ஸ்பைடர் பினியனோடு ஒட்டிக்கொண்டிருப்பதைக் காணலாம். இதற்குக் கிரவுன் பினியன் செட்டிங்கைத் தொடவேண்டியதில்லை. கேரியரை வெளியே எடுத்து உள் கியர்களை மட்டும் மாற்றிவிட்டு, அதே ஷிம்களோடு அதே இடத்தில் திரும்ப வைத்தால் போதும்.

கியர் மாற்றும்போது "டொக்"

இந்த அறிகுறிக்குத்தான் தேவையில்லாமல் அதிக கிரவுன் பினியன்கள் விற்பனையாகின்றன என்பது என் கணிப்பு. பேக்லாஷ் (பினியன் பல்லுக்கும் கிரவுன் வீல் பல்லுக்கும் இடையே உள்ள ஆட்டம்) கூடிவிட்டது என்று எல்லோரும் சொல்வார்கள், யாரும் அளப்பதில்லை. கணக்குப் போட்டுப் பார்ப்போம். கிரவுன் வீல் விளிம்பில் பேக்லாஷ் 0.2 மி.மீ. என்றால், 108 மி.மீ. ஆரத்தில் அது ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்கு. பினியனில் அது 5.38 மடங்காகி அரைப் பாகையைச் சற்றே தாண்டும். யோக்கின் மையத்திலிருந்து 5 செ.மீ. தள்ளி அளந்தால் வெறும் அரை மி.மீ. அசைவு. பேக்லாஷ் இரு மடங்கானாலும் 1 மி.மீ.தான். ஆனால் "டொக்" என்று வரும் வண்டிகளில், இரு சக்கரங்களையும் பிரேக்கால் நிறுத்திவிட்டு யோக்கைத் திருப்பினால், அது விரல் அகலத்துக்கு ஆடும். அந்த ஆட்டம் சன் கியர் வாஷரிலும், குறுக்குப் பின் துளையிலும், ஆக்சில் ஷாஃப்டின் ஸ்பிளைனிலும் (நீளவாக்குப் பல்வரிசை), கூம்பு முனையுள்ள ஷாஃப்டில் ஹப் சாவி தேய்ந்த இடத்திலும் இருக்கிறது. கிரவுன் வீலில் இல்லை. அதற்கும் முன்பாக யு.ஜே. (யுனிவர்சல் ஜாயின்ட்) கிராஸ்களையும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் ஸ்லிப் ஸ்பிளைனையும் பார்த்துவிடவேண்டும். அவை கழற்றாமலே கையில் தெரியும்.

சுற்றுக்கு ஒரு முறை தட்டல்

பல்லில் சில்லு தெறித்திருந்தால் ஒழுங்கான இடைவெளியில் "டக் டக்" கேட்கும். வேகமாக ஓட்டினால் எண்ண முடியாது. சமதளத்தில் வண்டியை இருவர் தள்ள, ஒருவர் ஹவுசிங்குக்கு அருகில் காது வைத்துக் கேட்கவேண்டும். டயரில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்ளவும். சக்கரம் முழுதாக ஒரு சுற்று, அதாவது 2.2 மீட்டர் உருண்ட பிறகே அடுத்த தட்டல் வந்தால் கிரவுன் வீல் பல். ஏறத்தாழ 41 செ.மீ.க்கு ஒரு முறை வந்தால் பினியன் பல். 43-க்கும் 8-க்கும் பொது வகுஎண் இல்லாததால் பினியனின் ஒவ்வொரு பல்லும் கிரவுன் வீலின் ஒவ்வொரு பல்லையும் வரிசையாகச் சந்தித்தே தீரும். அதனால் ஒரு பல்லில் விழுந்த காயம் காலப்போக்கில் எல்லாப் பற்களுக்கும் பரவும். தட்டல் கேட்ட வண்டியை அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடக்கூடாது.

கசிவும் ஆயிலின் நிறமும்

பினியன் சீல் கசிந்தால் சீலை மாற்றுவதற்கு முன் அச்சுக் குழாயின்மேல் உள்ள காற்றுப்போக்கியான பிரீதரைப் பார்க்கவும். அது சேறடைத்துப் போயிருந்தால் சூட்டில் விரியும் காற்று வேறு வழியின்றிச் சீலின் வழியே ஆயிலைத் தள்ளும்; புதுச் சீலும் ஒரு வாரம்தான் தாங்கும். யோக்கில் சீல் உதடு உட்காரும் இடத்தில் நகம் மாட்டும் அளவு பள்ளம் இருந்தால் யோக்கை மாற்றவேண்டும். ஆயில் பால் கலந்ததுபோல் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. சாம்பல் நிற மை போன்ற குழம்பு இயல்பான தேய்மானம். விரலில் தேய்த்தால் மினுமினுக்கும் துகள் பேரிங் அல்லது பல் உதிர்வது. பித்தளை நிறப் பொடி தெரிந்தால், அந்த அச்சில் பித்தளையோ வெண்கலமோ எங்கே இருக்கிறது என்று எண்ணிப்பார்த்து அங்கே தேடவேண்டும்.

திறந்தபின், கழற்றுவதற்கு முன்

பின் மூடியின் 10 போல்ட்டுகளைக் கழற்றி ஆயிலை வடித்ததும், பலர் நேராகக் கேரியரைப் பெயர்க்கப் போய்விடுகிறார்கள். அங்கேயே நிற்கவேண்டும். பற்களைத் துடைத்து, டயல் கேஜை ஹவுசிங்கில் பொருத்தி, அதன் முனையைக் கிரவுன் வீல் பல்லுக்குச் செங்குத்தாக வைத்து, சுற்றிலும் நான்கு இடங்களில் பேக்லாஷை அளந்து எழுதவும். பிறகு மூன்று நான்கு பற்களில் புளூ (தொடுகையைக் காட்டும் நீலச் சாயம்) தடவி, இரு திசைகளிலும் சுற்றி, தொடுகைத் தடத்தைப் படமெடுத்துக்கொள்ளவும். நான்கு இடங்களின் அளவும் 0.05 மி.மீ.க்கு மேல் வேறுபட்டால் கிரவுன் வீல் ஆடுகிறது. கேரியர் ஃபிளாஞ்சிலோ அதன்மேல் ஒட்டிய அழுக்கிலோ காரணம் இருக்கும். இந்த அளவுகள் இல்லாமல் அச்சை அக்கக்காகக் கழற்றிவிட்டால், சத்தம் ஏன் வந்தது என்பதை யாராலும் சொல்ல முடியாது.

கேரியர் பேரிங்குகளை மேலே பிடித்திருக்கும் கேப்கள் இடம் மாறக்கூடாது. அவை ஹவுசிங்கோடு சேர்த்துக் கடையப்பட்டவை. கேப்பிலும் அதன் அருகே ஹவுசிங்கிலும் ஒரே எழுத்து, ஒரு பக்கம் நேராகவும் மறு பக்கம் படுக்கையாகவும் பொறிக்கப்பட்டிருக்கும். ஓராண்டில் மூன்று கிரவுன் பினியன்களைத் தின்ற ஒரு ஜீப் என்னிடம் வந்தது. முந்தைய பட்டறையில் ஒவ்வொரு முறையும் பொருள் மட்டம் என்று சொல்லியிருக்கிறார்கள். மூடியைத் திறந்து துணியால் துடைத்தபோது இடப்பக்கக் கேப்பின் எழுத்து படுத்திருந்தது, ஹவுசிங்கின் எழுத்து நின்றிருந்தது. கேப்கள் இடம் மாறியதால் பேரிங் கப் (வெளி வளையம்) வட்டமாக உட்காராமல் நசுங்கி, சுமை ஏறும்போதெல்லாம் கேரியர் நகர்ந்திருக்கிறது. பழைய கப்பின் முதுகில் ஒரே ஓரத்தில் நகம் அளவுக்குப் பளபளப்பு இருந்தது. நான்காவது செட்டை அதே பட்டறை போட்டிருந்தாலும் அதுவும் போயிருக்கும்.

கேரியரை வெளியே எடுக்க ஸ்பிரெட்டர் பயன்படுத்தினால் ஹவுசிங்கை 0.5 மி.மீ.க்கு மேல் விரிக்கக்கூடாது. அதற்கு மேல் போனால் இரும்பு திரும்பி வராது. ஸ்பிரெட்டர் இல்லாவிட்டால் மரக்கட்டை வைத்து இரு நெம்புகோல்களால் சமமாகப் பெயர்க்கலாம். இடப்பக்க ஷிம், வலப்பக்க ஷிம், பினியன் ஆழ ஷிம், பிரீலோட் ஷிம் என்று நான்கு கட்டுகளையும் தனித்தனிக் கம்பியில் கோத்து, மைக்ரோமீட்டரில் அளந்து, சீட்டு எழுதித் தொங்கவிடவும்.

பினியன் ஆழமும் பிரீலோடும்

கிரவுன் வீலிலும் பினியன் தலையிலும் ஒரே செட் எண் இருக்கிறதா என்று பார்க்கவும்; தொழிற்சாலையில் ஜோடியாக உரசிச் சேர்த்தவை ஜோடியாகவே வாழவேண்டும். பினியன் முகத்தில் +2, 0, -3 என்று இன்னோர் எண் இருக்கும். இந்த வகை அச்சில் அது அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு. மெட்ரிக் செட்டாக இருந்தால் மி.மீ.யில் நூறில் ஒரு பங்காக இருக்கலாம், பெட்டியில் உள்ள தாளைப் பார்க்கவும். கூட்டல் எண், பினியன் கிரவுன் வீல் மையத்திலிருந்து அந்த அளவு விலகி நிற்க விரும்புகிறது என்பதைக் குறிக்கும். பழைய பினியன் 0, புதியது +2 என்றால், உள் பேரிங் கப்புக்குப் பின்னால் உள்ள ஷிம்மில் 0.002 அங்குலம், அதாவது 0.05 மி.மீ. குறைக்கவும். புதியது -2 என்றால் அதே அளவு கூட்டவும். இது தொடக்கப் புள்ளி மட்டுமே. இறுதித் தீர்ப்பைத் தொடுகைத் தடம்தான் சொல்லும்.

பிரீலோட் ஷிம்கள் பினியன் தண்டில், வெளிப் பேரிங் கோனுக்கு (உள் வளையம்) உட்புறம் உட்காரும். அவற்றைக் குறைத்தால் இறுக்கம் கூடும், கூட்டினால் இறுக்கம் குறையும். இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு ஒரு நாள் முழுவதும் போராடியவர்களைப் பார்த்திருக்கிறேன். கிரவுன் வீலும் ஆயில் சீலும் இல்லாமல், நட்டை 270 முதல் 300 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கிவிட்டுச் சுழற்றி அளக்கவேண்டும். புதிய பேரிங்குக்குச் சுழற்றும் இறுக்கம் 2.3 முதல் 4.5 நியூட்டன் மீட்டர். ஓடிய பேரிங்குக்கு அதில் பாதி. சிறிய டார்க் ரெஞ்சு இல்லாத பட்டறையில், காய்கறிக் கடைக்காரர் பிடிக்கும் ஸ்பிரிங் தராசு போதும். யோக்கில் மையத்திலிருந்து 5 செ.மீ. தள்ளிக் கயிற்றைக் கட்டி, தராசால் செங்குத்தாக இழுத்து, நகரத் தொடங்கும்போது காட்டும் அளவை விட்டுவிட்டு, சீராகச் சுழலும்போது முள் நிற்கும் இடத்தைப் பார்க்கவும். புதிய பேரிங்குக்கு முள் ஏறத்தாழ 4.5 கிலோவிலிருந்து 9 கிலோவுக்குள் நிற்கவேண்டும். அளப்பதற்கு முன் பேரிங்கில் ஆயில் விட்டு இருபது முப்பது சுற்று சுழற்றி உருளைகளை இடத்தில் அமரவைக்கவேண்டும். இல்லையென்றால் முள் பொய் சொல்லும்.

ஷிம்முக்குப் பதில் நசுங்கும் ஸ்லீவ் உள்ள வேறு அச்சுகளில், இறுக்கம் அளவைத் தாண்டிவிட்டால் நட்டைப் பின்னால் திருப்பிச் சரிசெய்யக்கூடாது. ஸ்லீவ் நசுங்கியது நசுங்கியதுதான். புதிய ஸ்லீவ் போட்டு மறுபடி தொடங்கவேண்டும்.

பேக்லாஷும் தொடுகைத் தடமும்

இந்த அச்சில் கேரியர் ஷிம்கள் பேரிங் கோனுக்கு உட்புறம் இருப்பதால், ஒவ்வொரு முறையும் கோனைப் புல்லரால் இழுக்கவேண்டியிருக்கும். இரண்டு மூன்று முறை இழுத்தால் புதுப் பேரிங் கெட்டுவிடும். பழைய பேரிங் கோனின் உள்துளையைச் சிறிது உரசி, கையால் நுழையும்படி செய்து வைத்துக்கொண்டு, அளவெல்லாம் முடிந்தபிறகே புதிய பேரிங்கை அடிக்கலாம். இப்படி ஒரு ஜோடி செய்துவைத்துக்கொள்ளாத பட்டறையில், மூன்றாவது முறை கழற்றச் சோம்பல்பட்டு "போதும்" என்று மூடிவிடுவார்கள். பாதி இரைச்சல்கள் அப்படித்தான் பிறக்கின்றன.

கேரியரின் பக்கவாட்டு அசைவு முழுவதையும் ஷிம்மால் நிரப்பி, அதற்கு மேல் மொத்தம் 0.38 மி.மீ. கூட்டினால் கேரியர் பேரிங்குகளுக்குத் தேவையான அழுத்தம் வந்துவிடும். அதன்பின் பேக்லாஷ் 0.13 முதல் 0.25 மி.மீ.க்குள் வரும்வரை, ஒரு பக்கத்தில் எடுத்த ஷிம்மை அப்படியே மறு பக்கத்தில் வைக்கவேண்டும், மொத்தம் மாறக்கூடாது. பேக்லாஷ் குறைவாக இருந்தால் கிரவுன் வீலின் முதுகுப் பக்க ஷிம்மைக் குறைக்கவும். கூடுதலாக இருந்தால் கூட்டவும். கேரியரை 0.10 மி.மீ. நகர்த்தினால் பேக்லாஷ் ஏறத்தாழ 0.07 மி.மீ. மாறும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

தடத்தைப் படிக்கும்போது கிரவுன் வீலை ஒரு மரக்கட்டையால் சற்று அழுத்திப் பிடித்துச் சுற்றவேண்டும். சுமையில்லாமல் சுற்றினால் தடம் மங்கலாகப் பதிந்து ஏமாற்றும். முதலில் பல்லின் உச்சியா அடியா என்று மட்டும் பார்க்கவும். இரு முகங்களிலும் தடம் பல்லின் அடியில் ஆழமாக விழுந்திருந்தால் பினியன் அளவுக்கு மேல் உள்ளே போயிருக்கிறது. ஆழ ஷிம்மைக் குறைக்கவும். இரு முகங்களிலும் உச்சியில் நூல்போல விழுந்திருந்தால் பினியன் விலகி நிற்கிறது, ஷிம்மைக் கூட்டவும். ஆழம் சரியான பிறகே உள்முனை, வெளிமுனை என்று பார்க்கவேண்டும். இரு முகங்களிலும் தடம் பல்லின் சிறுத்த உள்முனைக்கு நகர்ந்திருந்தால் பேக்லாஷ் குறைவு. பருத்த வெளிமுனைக்கு நகர்ந்திருந்தால் கூடுதல். ஒரு முகத்தில் உள்முனையிலும் மறு முகத்தில் வெளிமுனையிலும் விழுந்தால் அது பேக்லாஷ் அல்ல, மறுபடியும் பினியன் ஆழம்தான். பினியனை நகர்த்தும் ஒவ்வொரு முறையும் பேக்லாஷ் மாறிவிடும். அதை மீண்டும் அளவுக்குக் கொண்டுவந்த பிறகே அடுத்த தடத்தை எடுக்கவேண்டும். ஷிம்மைத் தொடக்கத்தில் 0.10 மி.மீ. அளவில் தாராளமாக மாற்றி, தடம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கண்டுகொண்டு, பிறகு 0.05 மி.மீ. அளவில் நெருங்குவது வேகமான வழி.

ஓடிய பழைய செட்டைத் திரும்பப் போடுபவர்கள் புத்தகத் தடத்தைத் தேடக்கூடாது. அது தேய்ந்த இடத்திலேயே உட்கார விரும்பும். கழற்றுவதற்கு முன் எடுத்த படமும் பழைய பேக்லாஷ் அளவுமே அதற்கு வழிகாட்டி. 0.35 மி.மீ. பேக்லாஷில் சத்தமின்றி ஓடிக்கொண்டிருந்த பழைய செட்டை 0.18-க்கு "சரிசெய்து", ஊளையிட வைத்த பாவம் எனக்கும் உண்டு.

மூடிய பிறகு

மட்டத்துளையின் கீழ் விளிம்பு வரை ஆயில் ஊற்றி, முதலில் 25 கி.மீ. போலச் சுமையின்றி ஓட்டி, நிறுத்தி, முழுவதும் ஆறவிடவும். நிறுத்தியதும் ஹவுசிங்கைத் தொட்டுப் பார்க்கவும். புதிய செட் சற்றுச் சூடாவது இயல்பு. ஆனால் பினியன் முனையில் மட்டும் கை வைக்க முடியாத கொதிப்பு இருந்தால் பிரீலோட் கூடிவிட்டது. ஓடினால் சரியாகிவிடும் என்று விடாமல், அன்றே திறந்து ஷிம்மைக் கூட்டவேண்டும்.

முதல் 800 கி.மீ. வரை ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு மலை ஏறக்கூடாது. தோட்டத்துக்கு ஓட்டுபவர்களுக்கு இது வருமான இழப்பு என்பதால் சண்டை வரும். அந்தச் சண்டையைப் புதுச் செட்டை வண்டியில் ஏற்றுவதற்கு முன்பே போட்டுவிடுவது நல்லது. 800 கி.மீ. முடிந்ததும் ஆயிலைச் சூடாக இருக்கும்போதே வடித்து, வெள்ளைத் துணியில் வடிகட்டிப் பார்க்கவும். சாம்பல் மை மட்டும் இருந்தால் புதிய ஆயிலை ஊற்றி மூடலாம். துணியில் ஒரே ஒரு செதில் நின்றாலும், அது எந்தப் பல்லிலிருந்து வந்தது என்று தெரியும்வரை மூடியைப் பூட்டக்கூடாது.